நாய் குறுக்கே வந்தால் ஹேண்டலை ஒடிக்காதீர்கள்

அக்டோபர் பிறந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை தொடங்கிவிடும். பகலெல்லாம் மண்டையைப் பிளக்கும் வெயில். மூன்று, நான்கு மணிக்கு மேல் இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று இன்னும் பிடிக்காத இந்த இடைக்காலத்தில், மழை பெய்யும் நேரமும் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் ஒன்றாகிப் போகின்றன. தீபாவளியும் இந்த வாரங்களை ஒட்டித்தான் வருகிறது. வெடிக்கு மிரண்ட நாய் வலம் இடம் பார்த்து ஓடாது. தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறினால் பாம்பும் உடும்பும் மேட்டைத் தேடி வரும். மேடு என்பது பெரும்பாலும் சாலைதான். மோட்டார் ஓட்டுகிறவர்கள் சில பழக்கங்களை இப்போதே கைக்குப் பழக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் பழக்கம் ஒன்று உண்டு. எது குறுக்கே வந்தாலும் ஹேண்டலை ஒடிக்காதீர்கள். வண்டி நிமிர்ந்து, சக்கரம் நேராக இருக்க, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு, பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை என்று தெரிந்தால் மட்டும் கொஞ்சம் விலகலாம். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காப்பார் சாலையிலோ துறைமுகத்துக்குப் போகும் சாலையிலோ ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: வலப்பக்கம் ஒரு முழம் ஒதுங்கினால் கன்டெய்னர் லோரியின் சக்கரம். நாயின் மேல் மோதினால் கீழே விழலாம், கை முறியலாம். லோரிக்கு அடியில் போனால் கதையே வேறு.

கை ஏன் ஹேண்டலை ஒடிக்கிறது? பயம் மட்டும் காரணமல்ல, இரக்கமும்தான். நாய் வைரவரின் வாகனம், மாடு லட்சுமி, வாயில்லா ஜீவன் சாபம் சும்மா விடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நொடியில் மூளை யோசிப்பதற்குள் கை திரும்பிவிடுகிறது. இரக்கம் நல்லதுதான். அதைப் பிரேக்கில் காட்டுங்கள், ஹேண்டலில் வேண்டாம். பூனை, கோழி, அணில், சின்ன உடும்பு போன்றவை சக்கரத்துக்கு முன்னால் வந்து, நிறுத்தவும் முடியாது என்றால், இரண்டு கையாலும் பிடியை இறுக்கிக்கொண்டு நேராகப் போவதுதான் வழி. ஏறும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிடித்தபடியே ஏறினால் முன்சக்கரம் வழுக்கும். எழுதுவதற்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாததை யாரும் சாலையில் செய்துவிட மாட்டார்கள்.

நம்மில் பலர் ஓட்டும் கப்சாய் எனும் சிறிய மோட்டார்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. முன் பிரேக் பிடித்தால் குப்புறக் கவிழும் என்று பயந்து, கால் பிரேக்கை மட்டும் மிதித்தே காலத்தை ஓட்டுகிறவர்கள் ஏராளம். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் ஈரச் சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஆட்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்துங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடம் ஒன்றில் முதலில் மெதுவாக, பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பிள்ளைக்கு மோட்டார் வாங்கிக் கொடுத்த பெற்றோர் அவனையும் கூட்டிப் போங்கள்.

வேகத்தின் கணக்கு எளிது. கண்ணில் பட்டு, என்னவென்று புரிந்து, விரல் பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆகும். 60இல் போகிற வண்டி அந்த ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும், 90இல் போனால் 25 மீட்டர். பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ஆகவே இருட்டிலும் மழையிலும் வேகத்தைக் குறைத்து, இரண்டு விரலை முன் பிரேக்கின் மேல் வைத்தபடி ஓட்டுங்கள். இதற்கு மேல் ரகசியம் ஒன்றும் இல்லை.

விளக்கையும் இன்றே பாருங்கள். பழைய கப்சாய்களில் எஞ்சின் வேகம் இறங்கினால் வெளிச்சமும் இறங்கும். நாய் படுத்திருக்கக்கூடிய சந்தில் மெதுவாகப் போகும்போதுதான் விளக்கு மின்மினி அளவுக்கு மங்கும். அங்கே ஒரு கியர் குறைத்து ஓட்டினால் எஞ்சின் சுற்று கூடி வெளிச்சமும் கூடும். மோட்டார் சைக்கிள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்பது 1992 முதல் நம் நாட்டுச் சட்டம். ஆனாலும் எரியாத விளக்கோடு ஓடும் வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம். தலைக்கவசத்தின் கண்ணாடி கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழைத்துளியும் எதிர்வண்டி வெளிச்சமும் அந்தக் கீறலில் பட்டுச் சிதறும்போது, கறுப்பு நாய் கண்ணுக்கே தெரியாது.

நாயைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இருட்டில் இரண்டு பச்சைப் புள்ளி மின்னினால் அது நாயோ பூனையோ மாடோவாக இருக்கலாம். உடனே வேகத்தைக் குறையுங்கள். புள்ளி தெரியவில்லை என்பதற்காக அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பன்றியின் கண்ணும் குரங்கின் கண்ணும் அப்படி மின்னுவதில்லை. துரத்தும் நாய் வண்டியின் வேகத்தைக் கணக்குப் போட்டுத்தான் குறுக்கே பாய்கிறது. தூரத்திலேயே கியரைக் குறைத்து மெதுவாக நெருங்குங்கள். அது பக்கத்தில் வரும்போது சீராக வேகத்தைக் கூட்டிக் கடந்துவிடுங்கள். அதன் கணக்குத் தப்பிவிடும். காலால் உதைக்க வேண்டாம். உதைக்கப் போய்ச் சமநிலை தவறி விழுந்தால் நாயின் முன்னால்தான் விழுவீர்கள். ஹார்ன் அடிப்பதென்றால் தொலைவிலேயே அடியுங்கள். கிட்டே போய் அடித்தால் மிரண்டு நட்ட நடுவில் நின்றுவிடும், அல்லது வந்த வழியே திரும்பும். ஒன்று கடந்தால் இன்னொன்று பின்னால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லோரி, கார் தொல்லை இல்லை என்று அங்கே கைப்பிடியை முறுக்கிவிடுகிறோம். அந்தத் தடம் குறுகலானது. சாலைக்கு அடியில் வளைந்து இறங்கும் இடங்களில் மறுபக்கம் என்ன கிடக்கிறது என்று தெரியாது. மழை நாளில் காய்ந்த தரை அங்கேதான் இருக்கும். மழைக்கு ஒதுங்கிய மோட்டார்களும் அங்கேதான் நிற்கும், நனைந்த நாயும் அங்கேதான் வந்து படுக்கும். இறக்கத்துக்கு முன்பே பிரேக் பிடித்துவிடுங்கள், வளைவுக்குள் போய்ப் பிடிக்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் வேகம் குறைவு என்றாலும் கூட்டம் அதிகம். தீபாவளிக் கடைகள் போட்டபின் துன் சம்பந்தன் சாலை ஓரத்தில் உணவு மிச்சம் கிடக்கும். இரை பொறுக்கும் புறாக்கள் கடைசி நொடியில்தான் எழும்பும். தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு போங்கள்.

மாடு விஷயத்தில் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும். காப்பார், மேரு, பந்திங் பக்கம் சாலையில் அலையும் மாடுகள் எங்கிருந்தோ வந்தவை அல்ல. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்தவர்கள் நம் ஆட்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் எனும் குடியிருப்பு வந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்க, மாடு மட்டும் மிஞ்சியது. புல் இருக்கும் இடம் இன்றைக்குச் சாலையோரமும் நடுத்திட்டும்தான். மழை நின்றதும் காய்ந்த தார்ச்சாலையில் வந்து படுத்துக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான கிலோ எடை. அதன் மேல் நேராகப் போக முடியாது. முழுதாக நிறுத்த வேண்டும். நின்ற பிறகு அதன் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். மாடு முன்னோக்கித்தான் நடக்கும். தாய்ப்பசு கடந்துவிட்டதே என்று கிளம்பாதீர்கள், கன்று பின்னால் இருக்கும்.

மாட்டுக்காரர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். அபிஷேகத்துக்கும் தீபாவளிப் பலகாரத்துக்கும் உங்கள் பால்தான் வேண்டியிருக்கிறது. அதை யாரும் மறக்கவில்லை. இருட்டுவதற்கு முன் பட்டியில் அடையுங்கள். கழுத்துக் கயிற்றில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒன்றைச் சுற்றிவிடுங்கள், சில வெள்ளிதான் செலவு. நாய் வளர்ப்பவர்கள் தீபாவளிக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்தே நாயை வீட்டுக்குள் வைத்து, கதவு, கேட் எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விருந்தாளிகள் வந்து போகும் வீட்டில் கேட் திறந்தே கிடக்கும். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும்.

பத்துமலை, கோம்பாக், உலு கிள்ளான் போன்ற காட்டோர இடங்களில் குரங்கும் காட்டுப்பன்றியும் உண்டு. இரண்டும் கூட்டமாகத்தான் வரும், முதலாவதைப் பார்த்ததும் நின்றுவிடுங்கள். வண்டியில் தொங்கும் பிளாஸ்டிக் பைதான் குரங்கைக் கிட்டே இழுக்கிறது. உணவைப் பெட்டியில் வையுங்கள். காராக் நெடுஞ்சாலை வழியாக ஊருக்குப் போகிறவர்கள் இரவில் தாப்பிரையும் எதிர்பார்க்க வேண்டும். 300 கிலோவைத் தொடும் உடம்பு, முன்பாதியும் கால்களும் கறுப்பு. மழை இருட்டில் நடுவிலுள்ள வெள்ளை மட்டும் ஏதோ துணி கிடப்பதுபோல் தெரியும். கெரிக் வழியாகக் கிழக்கே போகிறவர்கள் 2025 மே 11ஆம் தேதி நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். லோரிக்கு அடியில் சிக்கி இறந்த யானைக்கன்றைவிட்டுத் தாய் யானை நகரவே இல்லை. அந்தச் சாலையில் இரவுப் பயணமே வேண்டாம்.

மோதிவிட்டால் என்ன செய்வது? சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, பிரிவு 52 இதற்கும் பொருந்தும். வண்டியை நிறுத்த வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, ஆடு, செம்மறி, பன்றி, நாய் ஆகியவற்றை அந்தப் பிரிவு விலங்கு என்று கணக்கில் எடுக்கிறது. பூனைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, ஏனோ தெரியவில்லை. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விழுந்திருந்தால் தொழிலாளர்களுக்குச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு. அதற்குப் போலீஸ் புகாரும் மருத்துவச் சான்றும் கட்டாயம் வேண்டியிருக்கும். இரத்தம் தெரியவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள், கிளினிக்கில் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தவர்களுக்கு வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. நாயோ குரங்கோ கடித்திருந்தால், கீறியிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

அடிபட்ட விலங்கு சாலையில் கிடந்தால், முதலில் உங்கள் வண்டியை ஓரத்துக்குத் தள்ளி, தடுப்புக்கு வெளியே போய் நில்லுங்கள். இரவில் நெடுஞ்சாலை நடுவில் இறங்கி இழுத்துப்போட முயலாதீர்கள். பின்னால் வருகிறவருக்கு உங்களைத் தெரியாது. வலியில் இருக்கும் நாய் உதவ வந்தவரையும் கடிக்கும். பாம்பானால் தீயணைப்பு மீட்புப் படையையோ பொது தற்காப்புப் படையையோ 999இல் கூப்பிடுங்கள். தாப்பிர், குரங்கு போன்ற காட்டு விலங்கானால் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் 1-800-88-5151, பிளஸ் நெடுஞ்சாலையில் எதுவானாலும் 1-800-88-0000. எந்தத் திசை, எத்தனையாவது கிலோமீட்டர் என்று ஓரக்கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள். இந்த எண்களை இப்போதே கைப்பேசியில் ஏற்றி வையுங்கள்.