கல்வட்டம் சொல்லும் பாடம்



போன வருஷம் எங்க தாத்தா தவறிட்டார். தோட்டத்து மயானத்தில் பாட்டி பக்கத்திலேயே தன்னையும் புதைக்கணும்னு முன்பே சொல்லி வச்சிருந்தார். ஆனா வீட்டில் பெரிய வாக்குவாதம். "இந்துன்னா எரிக்கணும். புதைக்கிறது நம்ம வழக்கமே இல்ல"ன்னு ஒரு மாமா அடிச்சுச் சொன்னார். அத்தை அழுதாங்க. கடைசியில் தகனம்தான் நடந்தது. நான் வாயே திறக்கவில்லை. எது நம்ம வழக்கம்னு எனக்கே தெரியாதே!

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்படிக் கண்ணில் பட்ட ஓர் ஊரைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

கொடுமணல்

தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டம், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். 1985 முதல் இங்கே பல கட்டமாக அகழாய்வு நடந்தது. பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றோர் இதில் முக்கியமானவர்கள். ஒரு பக்கம் மக்கள் வாழ்ந்த மேடு, இன்னொரு பக்கம் பரந்த ஈமக்காடு. அங்கேதான் இரும்புக் காலக் கல்வட்டங்கள் இருக்கின்றன. வாழ்விடத்தில் கிடைத்த பொருள்களின் காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரை போகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பெரிய கற்கள் வட்டமாக நிற்கும். நடுவில் சின்னக் கற்களின் குவியல். அதற்கடியில்தான் விஷயம் இருக்கு. குழி தோண்டி, பலகைக் கற்களை நிறுத்தி ஒரு பெட்டி மாதிரி கட்டியிருக்காங்க. இதற்குப் பெயர் கல்பதுக்கை. மேலே ஒரு மூடுகல். பக்கவாட்டுப் பலகையில் ஓர் ஓட்டை. அதை இடுதுளை என்பார்கள்.

பொறியியல் கண்ணில்

நான் பொறியியல் மாணவன், அதனால் ஒரு சின்னக் கணக்கு. 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 15 செண்டிமீட்டர் கனம் உள்ள ஒரு கருங்கல் பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய 1,200 கிலோ வரும். ஒரு மைவி காரைவிட அதிகம்! கிரேன் இல்லாத காலத்தில் ஒரு குடும்பம் மட்டும் இதை நகர்த்தியிருக்க முடியாது. ஊரே சேர்ந்து கை கொடுத்திருக்கணும்.

இன்னொன்று. நான்கு பலகைகளையும் சுவஸ்திகா வடிவத்தில் அடுக்கியிருக்காங்க. ஒரு பலகையின் முனை அடுத்த பலகையின் உள்பக்கத்தில் முட்டி நிற்கும். வெளியிலிருந்து மண் அழுத்தும்போது, ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து உள்ளே சரியாமல் தாங்கும். ஆணியும் இல்லை, சிமெண்டும் இல்லை.

சுவஸ்திகான்னு கேட்டதும் "பார்த்தீங்களா, அப்பவே நம்ம சின்னம்!"னு வாட்சாப்பில் பகிரத் தோணும். கொஞ்சம் பொறுங்க. அடுக்கிய முறைக்கு அது இன்று நாம் வைத்த பெயர். அவர்கள் அதை மங்களச் சின்னமாக நினைத்தார்கள் என்பதற்கு அந்தக் கற்கள் மட்டும் ஆதாரம் ஆகாது.

உள்ளே என்ன?

கருப்பு-சிவப்புப் பானைகள், இரும்பு ஆயுதங்கள், மணிகள். ஒரே கல்லறையில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் கொங்கு மண்ணில் கிடைப்பதில்லை. குஜராத் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பொருளை, இறந்தவரோடு வைத்து மூடிவிட்டார்கள். வியாபாரக் கணக்கில் இது நட்டம். பாசத்தின் கணக்கு வேறு.

பல இடங்களில் உடலை முழுதாக வைக்கவில்லை. வேறு இடத்தில் வைத்திருந்து, பிறகு எலும்புகளைச் சேர்த்துக் கொண்டுவந்து அடக்கம் செய்திருக்காங்க. தகனம் முடிந்து அஸ்தி எடுத்துக் கடலில் கரைக்கிறோமே, நாமும் ஒரே நாளில் விடை கொடுப்பதில்லை.

அப்போ எது நம்ம வழக்கம்?

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை ஐந்து முறைகளைச் சொல்கிறது: எரிப்பது, திறந்த வெளியில் விடுவது, குழியில் புதைப்பது, நிலத்தடி அறையில் அடைப்பது, தாழியால் மூடுவது. ஒரே ஊர் மயானத்தில் ஐந்தும்! துறவிகளுக்குச் சமாதி வைப்பதும், குழந்தைகளைப் புதைப்பதும் இன்றும் இந்துக்களிடம் உண்டு.

கொடுமணல் மக்களை இன்றைய சொல்லால் இந்துக்கள் என்று முத்திரை குத்த நான் வரவில்லை. தகனம் தவறு என்றும் சொல்லவில்லை. "நம்ம வழக்கமே இல்ல" என்று ஒரே வரியில் அடித்துச் சொல்லும் முன் தெரிந்துகொள்வோம் என்றுதான் சொல்கிறேன். முறைகள் பல இருந்தன. ஊர் சேர்ந்து மரியாதையோடு அனுப்பி வைத்தது மட்டும் மாறவில்லை.

இது அன்றைக்கே தெரிந்திருந்தால், மாமாவை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, தாத்தா கேட்டதும் நம்ம வழக்கம்தான்"னு மெதுவாகச் சொல்லியிருப்பேன்.

வகுப்பில் பேசுவோம்

1. உங்கள் குடும்பத்தில் எந்த முறை? ஏன் என்று பெரியவர்களிடம் கேட்டதுண்டா?
2. உங்கள் பாட்டன் பூட்டன் அடக்கமான தோட்டத்து மயானம் இன்று எப்படி இருக்கிறது? ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.
3. பழமையைப் பெருமையாகப் பகிரும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?