பேச்சு இருக்கும்போதே பேசி வையுங்கள்



மகள் கல்யாணத்துக்கு முன்கூட்டியே நாள் பார்க்கிறோம். சேமநிதிப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் எழுதி வைக்கிறோம். ஆனால் கடைசிக் காலத்தில் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று மட்டும் பேசுவதில்லை. யாராவது பேச்செடுத்தால், “விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?” என்று வாயை அடைத்துவிடுகிறோம். பேசுவதால் சாவு வராது. பேசாமல் விட்டால் குடும்பத்தில் குழப்பம் வரும்.

பத்து காஜா வட்டாரத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று ஷா ஆலாமிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். நடு ராத்திரியில் பெரியவருக்கு மூச்சு முட்டுகிறது என்று வையுங்கள். “தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் வைக்கட்டுமா?” என்று டாக்டர் கேட்கிறார். மகன் டெலிபோனில், “எல்லாம் செய்யச் சொல்லு” என்கிறான். பக்கத்தில் நிற்கும் மகள், “அண்ணே, அப்பாவ வதைக்க வேணாம், வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்” என்று அழுகிறாள். இருவருக்கும் அப்பா மேல் பாசம்தான். ஆனால் அப்பாவின் விருப்பம் இருவருக்கும் தெரியாது.

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தாதியாக இருந்த அருணா ஷான்பாக், 1973-ல் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 2015-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 42 ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி வேண்டும் என்று ஓர் எழுத்தாளர் வழக்குப் போட்டார். அவரைப் பராமரித்து வந்த மருத்துவமனை ஊழியர்கள் கூடாது என்றார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் நின்றது. அருணாவை யாராலும் கேட்க முடியவில்லை. பிறகு 2018-ல் அதே நீதிமன்றம், ஒருவர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023-ல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது.

நம் மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் ஒரு நோயாளி இன்ன சிகிச்சை வேண்டாம் என்று தெளிவாக எழுதி வைத்திருந்தால், டாக்டர் அதை மதிக்க வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி கூறுகிறது. ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு, அது குற்றம். நாம் இங்கே சொல்வது அதுவல்ல.

மெஷின் கெட்டதா? இல்லை. நிமோனியா காய்ச்சல், விபத்து போன்றவற்றில், உடம்பு தேறும்வரை சுவாசக் கருவி உயிரைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் உடம்பெங்கும் பரவிவிட்ட புற்றுநோயை அது குணமாக்காது. நின்றுபோன இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்தும்போது விலா எலும்பு முறிவதும் உண்டு. ஆகையால் டாக்டரிடம், “இது நோயைக் குணமாக்குமா, நாளை மட்டும் நீட்டுமா?” என்று தைரியமாகக் கேளுங்கள்.

மெஷின் வேண்டாம் என்றால் நோயாளியைக் கைவிடுவதாக அர்த்தமில்லை. வலிக்கு மருந்து, மூச்சுத் திணறலுக்கு மருந்து, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, உலர்ந்த வாயை நனைப்பது எல்லாம் சிகிச்சைதான். மார்ஃபின் என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது சாவை விரட்டி வருவதில்லை, வலியைத்தான் அடக்குகிறது. மலச்சிக்கல் உண்டாக்கும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். ஈப்போவில் உள்ள பேராக் பெலியேட்டிவ் கேர் சொசைட்டி, இத்தகைய நோயாளிகளை வீட்டுக்கே வந்து கட்டணமின்றிப் பார்க்கிறது. உங்கள் இடத்துக்கும் வருவார்களா என்று டாக்டர் மூலம் விசாரியுங்கள்.

இனி செய்ய வேண்டியவை:

1. நீண்ட நாள் நோய் உள்ளவர், நினைவும் பேச்சும் நன்றாக இருக்கும்போதே குடும்பத்தாருடன் உட்கார்ந்து பேசட்டும். கடைசி நாட்கள் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? மெஷின் வேண்டுமா? மூக்கில் குழாய் விட்டு உணவு தரலாமா?

2. தாம் பேச முடியாதபோது தமக்காக யார் பேசுவது என்று ஒருவரைச் சொல்லட்டும். மூத்த மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனம் தளராதவராக இருந்தால் போதும்.

3. அதைத் தமிழிலோ மலாயிலோ எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போடட்டும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதலாம். பின்பு வாசித்துக் காட்டி ரேகை வாங்குங்கள்.

4. ஒரு பிரதியைக் கிளினிக் அட்டையோடு வையுங்கள். இன்னொன்றைச் சிகிச்சை தரும் டாக்டரிடம் கொடுங்கள். தூரத்தில் உள்ள பிள்ளைகளுக்கும் தெரிவியுங்கள்.

5. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

காலமெல்லாம் மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் பிறர் சொற்படி உழைத்தவர்கள் நம் பெரியவர்கள். தம் கடைசி நாட்களைப் பற்றியாவது அவர்கள் சொல் நிற்கட்டும். பிள்ளைகள் ஊருக்கு வரும் அடுத்த விடுமுறையிலேயே, சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, உங்களுக்கு எப்படி வேணும்?” என்று கேளுங்கள்.