அம்மையா, மருந்தின் விளைவா?
(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

நோயைத் தீர்ப்பதற்காக உண்ணும் மருந்தே சிலருடைய உடலுக்கு ஒவ்வாமல் தோலில் தடிப்பாகவும் கொப்புளமாகவும் வெளிப்படுவதுண்டு. மருத்துவமனையில் தொடங்கிய மருந்தின் விளைவு, பல வேளைகளில் நோயாளி ஊர் திரும்பிய பின்னரே தோன்றுகிறது. ஆகையால் இதனைக் கிராம மக்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது வட்டாரத்து விவசாயி ஒருவர், வலிப்பு நோய்க்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, மாத்திரைகளுடன் வீடு திரும்பினார். 12-ஆம் நாள் காய்ச்சல் கண்டது, கண்கள் சிவந்தன, மேனியெங்கும் செம்புள்ளிகள் தோன்றின. வீட்டார் அம்மை எனக் கருதி, வாசலில் வேப்பிலை செருகினர். மாத்திரையோ வேளை தவறாமல் கொடுக்கப்பட்டு வந்தது. சாலைப் பணியைப் பார்வையிட அவ்வூர் சென்றிருந்த நானும் வேப்பிலையைக் கண்டு, அம்மை என்றே எண்ணித் திரும்பினேன். வாய் புண்ணாகி நீரும் விழுங்க இயலாத நிலையில், ஊராட்சி உறுப்பினர் ஒருவர் அவரை மருத்துவமனையில் சேர்த்தார். உயிர் பிழைத்தார், ஆயினும் ஒரு கண்ணின் பார்வை மங்கிவிட்டது. வேப்பிலை செருகும் வழக்கத்தை நான் குறை கூறவில்லை. மருந்தைப் பற்றி ஒருவரும் கேளாதிருந்ததே குறை.

தோன்றும் வகைகள்

1. மணல்வாரி போன்ற செம்புள்ளிகள்: இதுவே மிகுதியாகக் காணப்படுவது. மருந்து தொடங்கிய 4 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் தோன்றும்.

2. காணாக்கடி போன்ற தடிப்பு: சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ எழும். உதடு வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

3. கருமையான வட்டத் தழும்பு: அதே மருந்தை மீண்டும் உண்ணுந்தோறும் அதே இடத்தில் தோன்றும்.

4. தோல் உரியும் கொடிய வகை: காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், தோலில் வலி, கொப்புளம் ஆகியவை இதன் அடையாளங்கள். இதனை 1922-இல் விவரித்த அமெரிக்க மருத்துவர்களான ஸ்டீவன்ஸ், ஜான்சன் ஆகியோரின் பெயராலேயே இது வழங்கப்படுகிறது. உயிருக்கே ஆபத்தானது. பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் வரும்.

வலிப்புக்குரிய பெனிட்டாய்ன், கார்பமசெப்பின், சல்பா மருந்துகள், மூட்டு வாதத்திற்குத் தரப்படும் அலோபூரினால், சில வலி மாத்திரைகள் ஆகியவற்றால் இக்கொடிய வகை உண்டாகக்கூடும். பென்சிலின் இன மருந்துகளால் செம்புள்ளியும் காணாக்கடியும் வருவதுண்டு. இம்மருந்துகள் பல்லாயிரவருக்கு நன்மை செய்பவை; மிகச் சிலருக்கே கேடு விளைகிறது. ஆதலால் மருந்துக்கு அஞ்சவேண்டியதில்லை; விழிப்புடன் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

மேனியில் புள்ளியோ தடிப்போ கண்டால், "கடந்த இரண்டு மாதங்களில் புதிய மருந்து ஏதேனும் தொடங்கினீர்களா?" என்று முதலில் கேளுங்கள். ஆம் எனில், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சீட்டு, மாத்திரை அட்டை, நாட்டு மருந்து அனைத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். வலிப்பு மருந்தைத் தாமாகவே நிறுத்தினால் வலிப்பு மிகலாம். எனவே ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரின் முடிவைப் பெறுதல் வேண்டும்.

ஒவ்வாத மருந்து இன்னதென்று மருத்துவர் கூறியதும், அதன் பெயரை ஓர் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், மூல மருந்தின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். எந்த மருத்துவமனைக்கும் மருந்துக் கடைக்கும் சென்றாலும் அவ்வட்டையை முதலில் காட்டுங்கள். மறுமுறை அதே மருந்தை உண்டால், முன்னினும் கடுமையான விளைவு நேரலாம். மருந்தின் தீய விளைவுகளைத் திரட்டும் இந்திய அரசின் திட்டம் 2010 முதல் நடைபெறுகிறது. பொதுமக்களும் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.

ஊராட்சி உறுப்பினர்கள் இச்செய்தியை அடுத்த கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. வாசலில் வேப்பிலையைக் காணும்போது நின்று, மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்களாக. அன்று நான் அதைக் கேட்டிருந்தால், ஒரு விவசாயியின் கண் காக்கப்பட்டிருக்கக்கூடும்.