வீட்டுக் கூரையிற் சிறு காற்றாடி: அதிர்வுக்குக் காரணமும் அதைத் தணிக்கும் முறைகளும்

நீர்வேலி, கோப்பாய், புத்தூர் முதலிய ஊர்களின் செம்மண் தோட்டங்கள் கிணற்று நீரை நம்பியே விளைவன. வாழை, வெங்காயம், மிளகாய், கத்தரி ஆகிய பயிர்களுக்கு வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை இறைப்பின்றி விளைவில்லை. சோளகக் காற்றுப் பலமாக வீசுவதும் அக்காலத்திலேயே. நீர் வேண்டிய காலமும் காற்றுக் கிடைக்கும் காலமும் ஒன்றாயிருத்தலால், காற்றைப் பயன்படுத்தும் எண்ணம் கமக்காரரிடையே எழுவது இயல்பே.

எரிபொருளும் மின்சாரமும் தடைப்படும் துன்பத்தைக் குடாநாட்டார் நன்கறிவர். 1990 களில் மின்சாரமின்றிச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் தடைப்பட்டது. இத்தகைய அனுபவத்தின் பின் சிறு காற்றாடியொன்றை வாங்கியோ செய்தோ, வீட்டுக் கூரையிலாவது கிணற்றடிக் கொட்டிலின் மேலாவது பொருத்த விரும்புவோர் உளர். பொருத்திய பின்னர், இரவில் வீடு முழுவதும் உறுமுவதையும், ஓடுகள் நழுவுவதையும், சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் வெடிப்புத் தோன்றுவதையும் கண்டு வருந்த நேரிடலாம். ஆதலால் அதிர்வின் காரணத்தை முன்னரே அறிந்து கொள்ளுதல் நன்று.

அதிர்வு பிறக்கும் விதம்

அதிர்வு மூன்று வகைப்படும்.

முதலாவது, சுற்றுக்கு ஒரு முறை தோன்றும் ஆட்டம். இதழ்களின் நிறை சமனில்லாமையே இதற்குக் காரணம். இரண்டாவது, ஒவ்வோர் இதழும் கம்பத்தைக் கடக்கும்போது தோன்றும் தட்டு. மூன்று இதழ்க் காற்றாடியில் இது சுற்றுக்கு மூன்று முறை நிகழும். மூன்றாவது, மின் பிறப்பாக்கியிலிருந்து எழும் நுண்ணிய இரைச்சல். இது குழாய்க் கம்பத்தின் வழியே இறங்கிச் சுவரையும் கூரையையும் ஒலிக்கச் செய்யும்.

நிறை வேறுபாட்டின் வலிமையைச் சிறு கணக்கால் உணரலாம். இரண்டு மீற்றர் விட்டமுள்ள காற்றாடி ஒன்றில், அச்சிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் 50 கிராம் நிறை கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். அது நிமிடத்துக்கு 300 முறை சுற்றும்போது ஏறக்குறைய இரண்டரைக் கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசை கம்பத்தை நாற்புறமும் மாறி மாறி இழுக்கும். வேகம் 600 சுற்றாக உயர்ந்தால் அவ்விசை இரு மடங்கன்று, நான்கு மடங்காகி, 10 கிலோகிராமை எட்டும். மெல்லிய காற்றில் அமைதியாக ஓடிய காற்றாடி, சோளகம் கடுமையானவுடன் வீட்டை உலுக்குவதன் காரணம் இதுவே.

பரிவு என்பது யாது?

ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால், சிறு கையின் தள்ளலும் ஊஞ்சலை உயர எழுப்பும். இசையாது தள்ளினால் பெரிதாக ஆடாது. கம்பம், கூரை, தளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இயல்பான ஆட்ட வேகம் ஒன்றுண்டு. காற்றாடியின் தட்டும் அவ்வேகமும் ஒன்றாயின் ஆட்டம் பன்மடங்கு பெருகும். இதனையே பரிவு என்பர்.

இவ்வியல்பு வேகத்தை மாற்றவும் முடியும். தைப்பொங்கற் காலத்தில் வாடைக் காற்றில் பட்டம் ஏற்றுவோர், விண்ணின் நாரை இறுக்கினால் ஒலி கூர்மையாவதையும் தளர்த்தினால் தணிவதையும் அறிவர். கம்பத்தின் இழுவைக் கம்பிகளும் அவ்வாறே. அவற்றை இறுக்கினால் கம்பத்தின் இயல்பு வேகம் உயரும்.

கம்பத்தின் இயல்பு வேகத்தை அறிவதற்கு, காற்றாடியை நிறுத்திவிட்டு, கம்பத்தைக் கயிற்றால் சற்று இழுத்துத் திடீரென விடுக. பத்து வினாடியில் எத்தனை ஆட்டம் என எண்ணுக. கண்ணால் எண்ண முடியாவிடின் கைத்தொலைபேசியிற் படமெடுத்து மெதுவாக ஓடவிட்டு எண்ணலாம். இருபது ஆட்டமாயின் வினாடிக்கு இரண்டு, அதாவது நிமிடத்துக்கு 120. காற்றாடி நிமிடத்துக்கு 120 முறை சுற்றும்போது இதழின் நிறை வேறுபாடும், 40 முறை சுற்றும்போது மூன்று இதழ்களின் தட்டும் இக்கம்பத்தைப் பரிவுக்குள்ளாக்கும். வழக்கமாக ஓடும் வேகம் இவ்வெண்களிலிருந்து விலகியிருத்தல் வேண்டும்.

முதற் பரிகாரம்: இதழ்களைச் சமன் செய்தல்

1. இதழ்கள் மூன்றையும் தனித்தனியே நிறுத்து, நிறை ஒன்றாயிருக்கச் செய்க.

2. ஒவ்வோர் இதழையும் ஒரு கோலின் மேல் குறுக்கே வைத்து, சமனாக நிற்கும் இடத்தைக் குறித்துக் கொள்க. அடியிலிருந்து அவ்விடம் வரையுள்ள தூரம் மூன்றிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். நிறை ஒன்றாயினும் இத்தூரம் வேறுபட்டால் ஆட்டம் நீங்காது.

3. இதழ்களைப் பூட்டிய பின், ஒரு நுனியிலிருந்து அடுத்த நுனிவரை அளந்து மூன்று இடைவெளிகளையும் சமமாக்குக.

4. காற்றில்லாத இடத்தில் அச்சைக் கிடையாக வைத்து மெல்லச் சுழற்றி விடுக. அப்போது பிறப்பாக்கியின் மின் கம்பிகள் ஒன்றோடொன்று தொடக்கூடாது. பாரமான பக்கம் எப்பொழுதும் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில், நடுத்தட்டில், சிறு ஈயத் துண்டுகளை இறுக்கிப் பொருத்துக. எந்நிலையில் விட்டாலும் அந்நிலையிலேயே நின்றால் சமனாயிற்று.

5. நுனிகளுக்கு அருகே ஒரு கோலை அசையாமல் நிறுத்தி, கையால் சுழற்றிப் பார்க்க. மூன்று நுனிகளும் கோலை ஒரே இடைவெளியிற் கடத்தல் வேண்டும்.

இதழ் வெடித்தாலும், மழை நீர் ஊறினாலும், நுனி தேய்ந்தாலும் சமன் கெடும். ஆகவே சோளகம் தொடங்குமுன் ஆண்டுதோறும் இச்சோதனையைச் செய்தல் நன்று.

இரண்டாம் பரிகாரம்: இறப்பர்த் தாங்கி

கம்பத்தின் அடியில் இறப்பர் வைத்தால் எல்லா அதிர்வும் நீங்கும் என்பது தவறான கருத்து. இறப்பர் மேலுள்ள பாரத்தால் ஒரு மில்லிமீற்றர் மாத்திரம் அமுங்கினால், அதன் இயல்பு வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 16. ஒரு சென்ரிமீற்றர் அமுங்கினால் ஏறக்குறைய 5. வரும் அதிர்வு இயல்பு வேகத்தின் ஒன்றரை மடங்கினும் மேற்பட்டதாயிருந்தால்தான் இறப்பர் அதனைக் குறைக்கத் தொடங்கும். இயல்பு வேகத்தை ஒட்டியதாயின் இறப்பரே ஆட்டத்தைப் பெருக்கும்.

நிமிடத்துக்கு 300 முறை சுற்றும் காற்றாடியை எடுத்துக் கொள்வோம். அதன் இதழ்த் தட்டு வினாடிக்கு 15. ஒரு சென்ரிமீற்றர் அமுங்கும் இறப்பர் இதனை நன்கு தணிக்கும். ஆனால் நிறை வேறுபாட்டின் ஆட்டம் வினாடிக்கு 5 ஆதலால், அதே இறப்பர் அதனைப் பெருக்கிவிடும். எனவே முதலில் சமன், பின்னரே இறப்பர் என்பதை மறத்தலாகாது. பழைய டயர்த் துண்டுகள் மிகச் சிறிதே அமுங்குவன. அவை பிறப்பாக்கியின் நுண்ணிய இரைச்சலைக் குறைக்கும், ஆட்டத்தைக் குறைக்கமாட்டா. இறப்பரை ஊடுருவிச் செல்லும் இரும்பு ஆணி இரு பக்கத்தையும் தொட்டால், அதிர்வு அவ்வாணி வழியே கடந்துவிடும்.

சிறந்த பரிகாரம்: வீட்டை விட்டு விலக்குதல்

வீட்டின் மேலுள்ள காற்று நேராக ஓடுவதன்று. கூரையில் மோதிச் சுழன்று, வீட்டின் உயரத்தைப் போல் இரு மடங்கு உயரம் வரை குழம்பி நிற்கும். அக்காற்றில் இதழ்கள் சமனற்ற அடிகளைப் பெறுவதால் அதிர்வு மிகும், மின்சாரம் குறையும். இங்கிலாந்தின் வார்விக் காற்றுச் சோதனையில் 2007, 2008 ஆம் ஆண்டுகளிற் கட்டிடங்கள் மேலிருந்த 26 சிறு காற்றாடிகள் அளந்து பார்க்கப்பட்டன. அவற்றுட் பல எதிர்பார்த்ததிலும் மிகக் குறைந்த மின்சாரமே தந்தன. இரைச்சல் பற்றிய முறைப்பாட்டால் நிறுத்தப்பட்டனவும் உண்டு.

இலங்கை நீர்வள சபை 1970 களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் உதவியுடன் வடிவமைத்த நீரிறைக்கும் காற்றாலைகள், நிலத்தில் ஊன்றிய கோபுரங்களிலேயே நிறுத்தப்பட்டன. கமக்காரரும் தனி அத்திவாரமிட்டு நிலத்திலேயே கம்பம் நாட்டுதல் வேண்டும். கம்பம் சரிந்தாலும் வீட்டில் விழாத தூரம் விடுக. இழுவைக் கம்பிகளை வீட்டுச் சுவரிற் கட்டாது நிலத்திற் கட்டுக. சுற்றிலும் 150 மீற்றருக்குள் உள்ள எப்பொருளிலும் பார்க்க, இதழின் கீழ்நுனி 9 மீற்றராவது உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது பொது விதி. பனைகள் சூழ்ந்த வளவில் இதற்குரிய கோபுரம் எழுப்புதல் அரிது. திறந்த வயல்வெளியே காற்றாடிக்கு ஏற்ற இடம்.

பயனைக் கணக்கிடுதல்

வினாடிக்கு 5 மீற்றர் வேகமுள்ள காற்றில், இரண்டு மீற்றர் விட்டமுள்ள காற்றாடி ஏறக்குறைய 60 வாற்று மின்சாரம் தரும். காற்றின் வேகம் பாதியானால் அது எட்டில் ஒரு பங்காகும். 60 வாற்று வீதம் பத்து மணி நேரம் பற்றரியிற் சேர்த்தாலும், ஒரு குதிரைவலுவுள்ள மோட்டாரை ஒரு மணி நேரம் முழுமையாக ஓட்டப் போதாது. ஆகவே விளக்குக்கும் தொலைபேசிக்கும் இது உதவும். தோட்ட இறைப்புக்கு இதனை நம்பிப் பணம் செலவிடலாகாது. மரநிழல் படாத கூரையாயின், அங்கு அதிர்வே இல்லாத சூரியத் தகடு மேலானது.

எச்சரிக்கை

பற்றரி நிறைந்தபின் அல்லது கம்பி அறுந்தபின் காற்றாடி பாரமின்றி அளவுக்கு மீறிச் சுழலும். கடும் அதிர்வும் இதழ் முறிவும் பெரும்பாலும் அப்போதே நேர்வன. மிகை மின்சாரத்தை ஏற்கும் வெப்பச் சுருள் ஒன்றை இணைத்து வைத்தல் இன்றியமையாதது. திடீரென அதிர்வு தோன்றினால், காற்றுத் தணிந்த வேளை பார்த்து நிறுத்தி, இதழ், ஆணி, பெயரிங், இழுவைக் கம்பி என்னும் ஒழுங்கிற் சோதிக்க. சுழலும் காற்றாடியை அணுகுதல் கூடாது.