சர்க்கரை ஆலைச் சொற்கள் சில

ஆலை நாளொன்றுக்குப் பிழியக்கூடிய கரும்பின் டன் அளவு ‘அரவைத் திறன்’ எனப்படும். சாறு நீங்கிய சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகும். குடியானவர் கருத்தூன்றி அறியத்தக்கது ‘கட்டுமானம்’ என்னும் சொல்லே. எடையில் கூர்மையுள்ளோரும் இதனைப் பொருட்படுத்துவது அரிது. நூறு டன் கரும்பில் பத்து டன் சர்க்கரை கிடைப்பின், கட்டுமானம் 10 சதவீதமாம். மத்திய அரசு நிர்ணயிக்கும் கரும்பு விலைக்கு 2022-23ஆம் பருவமுதல் 10.25 சதவீதமே அடிப்படை. கட்டுமானம் அதற்கு மேற்படின் விலையும் ஏறும்.

வெட்டிய கரும்பு வெயிலில் கிடப்பின், அதிலுள்ள சர்க்கரை படிகமாகாத வேறு சர்க்கரைகளாகப் பிரிந்து, கட்டுமானம் குன்றும். விலைக்குரிய கட்டுமானமோ ஆலை முழுமைக்கும் சராசரியாகக் கணிக்கப்படுவது; வண்டிதோறும் அன்று. ஆதலின் வண்டி அமையுமுன் வெட்டி வரப்பில் கிடத்திய கரும்பினால் நேரும் நஷ்டம், அன்றே வெட்டி அன்றே அனுப்பியவரையும் சாரும்.