ஒழுகும் கக்கூஸ் தொட்டியும் கடைக் கணக்கும்

நமதூரின் நடுவே சாய்ந்து நிற்கும் கோபுரத்தைப் பார்க்க வெளியூரார் பலர் வருகின்றனர். அது கடிகாரத்துக்காக மட்டும் எழுப்பப்பட்டதன்று. இவ்வூர் தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1885-ஆம் ஆண்டு, லியோங் சூன் சோங் என்னும் சீனக் கட்டடக் குத்தகைதாரர் அதைக் கட்டியபோது, ஊருக்கு வேண்டிய தண்ணீரைச் சேமிக்கும் தொட்டி அதன் உச்சியில் அமைந்திருந்தது. அடியிலோ மிருதுவான மண். மேலே தண்ணீரின் பாரம். கோபுரம் சாய்ந்தது. நம் கடைவீடுகளின் மாடியிலும் ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைப் பார்க்க எவரும் வருவதில்லை, நாமும் பார்ப்பதில்லை. கக்கூஸில் தண்ணீர் விடும் தொட்டியைத்தான் சொல்கிறோம்.

கல்லாவில் 10 காசு குறைந்தால் இரவு உட்கார்ந்து தேடுகிற வியாபாரி, இந்தத் தொட்டியில் நடக்கும் நஷ்டத்தைத் தேடுவதில்லை. காரணம், அது சத்தமின்றி நடக்கிறது. தரையில் ஈரமில்லை, கூரையில் கறையில்லை. தண்ணீர் பீங்கானுக்குள்ளேயே இறங்கிச் சாக்கடைக்குப் போய்விடுகிறது. ஒரு லிட்டர் புட்டியை 5 நிமிடத்தில் நிரப்பும் அளவுக்கு ஒழுக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது மெல்லிய கசிவுதான். ஆனால் மணிக்கு 12 லிட்டர். ஒரு நாளைக்கு 288 லிட்டர். 30 நாளில் 8,640 லிட்டர், அதாவது பில்லில் எட்டரைக் கன மீட்டருக்கு மேல். 9 லிட்டர் கொள்ளும் பழைய தொட்டியை யாரும் உபயோகிக்காமலே தினம் 32 தடவை இழுத்துவிட்டதற்கு அது சமம். தீபகற்ப மலேசியாவில் 2024 பிப்ரவரி முதல் வீட்டுத் தண்ணீர்க் கட்டணமும் உயர்ந்துவிட்டது. உளூச் செய்யும்போதுகூடத் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வீட்டில், மேல்மாடியில் இரவு முழுதும் இது ஓடிக்கொண்டிருப்பது அழகல்ல.

ஒழுக்கு உண்டா இல்லையா என்று அறிய ஆள் கூப்பிட வேண்டியதில்லை. இரவு கடை அடைத்து, எல்லாக் குழாய்களையும் மூடிய பின் மீட்டரின் எண்களைக் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். சுபுஹுக்கு எழுந்ததும், ஒரு குழாயையும் திறக்குமுன், மறுபடி பாருங்கள். நடுவில் எவரும் தண்ணீர் புழங்காதிருந்தும் எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அது கக்கூஸ் தொட்டிதானா என்பதற்குச் சோதனை இன்னும் எளிது. தொட்டிக்குள் கொஞ்சம் ரோஸ் சிரப்போ, பலகாரத்துக்குப் போடும் கலரோ கலந்து, 20 நிமிடம் எவரும் இழுக்காமல் விட்டுவிடுங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் திருடன் அகப்பட்டான்.

ஆனால் தொட்டியின் ஜாதி அறியாமல் கை வைக்கக் கூடாது. பழைய கடைவீடுகள் சிலவற்றில் இன்னும் உயரத்தில், சங்கிலி தொங்கும் இரும்புத் தொட்டியைக் காணலாம். அதைக் கண்டதும் கழற்றி எறியச் சொல்வோர் உண்டு. நாம் அவ்விதம் சொல்லமாட்டோம். அதனுள் அடியில் ரப்பர் மூடியே கிடையாது. சங்கிலியை இழுத்துவிட்டால் மணி போன்ற இரும்புக் கவிழ்ப்பு எழுந்து விழுகிறது. அந்த வேகத்தில் சிறிது நீர் நடுக்குழாயின் வாயைத் தாண்டி இறங்க, மீதி நீரையும் அது பின்னாலேயே உறிஞ்சி இழுத்துக்கொள்கிறது. இழுத்தாலொழிய நீர் இறங்காது என்பதனாலேயே பிரிட்டனில் 2001 வரை இவ்வகை உறிஞ்சுகுழாய்த் தொட்டிகளையே சட்டம் அனுமதித்து வந்தது. இத்தொட்டி ஒழுகினால் பெரும்பாலும் குற்றம் உள்ளே நீர் விடும் பால் வால்வில்தான், அல்லது கீழிறங்கும் குழாயின் மூட்டில்தான்.

பிடி வைத்த தாழ்வான தொட்டியோ வேறு. அதன் அடியில் ஒரு துவாரம். அதை மூடுவது ஃபிளாப்பர் எனும் ரப்பர் மூடி. பொத்தான் வைத்தவற்றில் வட்டமான ரப்பர் வாஷர் அந்த வேலையைச் செய்கிறது. வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடந்து இந்த ரப்பர் விறைத்துப்போகிறது, அல்லது கொழகொழத்துக் கையில் கறுப்பாக ஒட்டுகிறது. மாற்றுவது கால் மணி நேர வேலை. சுவரோரத்து ஸ்டாப் வால்வை மூடி, ஒரு தடவை இழுத்துத் தொட்டியைக் காலி செய்து, பழைய ரப்பரைக் கழற்றி அதையே ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோங்கள். அளவை வாயால் சொல்லி வாங்கினால் பெரும்பாலும் திரும்ப நடக்க நேரிடும். 2 அங்குலத் துவாரத்துக்கானது 3 அங்குலத்துக்கு உதவாது. புது ரப்பரைப் போடுமுன் அது உட்காரும் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் அழுக்கையும் துணியால் துடைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, புதுச் சாமான் மட்டமென்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். சங்கிலியை இழுத்துக் கட்டவும் கூடாது, தொளதொளவென்று விடவும் கூடாது. சற்றே தளர்ச்சி போதும்.

ரப்பர் நன்றாயிருந்தும் நீர் ஓடுமானால், தொட்டியின் நடுவில் நிற்கும் உபரிநீர்க் குழாயைப் பாருங்கள். அதன் வாய்க்குள் நீர் வழிந்துகொண்டிருந்தால் குற்றவாளி பால் வால்வு. நீர்மட்டம் அந்த வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். மிதவைப் பந்தைக் கையால் தூக்கிப் பிடியுங்கள். நீர் நின்றால், வால்வு சரி, மட்டந்தான் உயரம். பித்தளைக் கையைச் சிறிது கீழே வளைத்தாலே போதும், பிளாஸ்டிக் என்றால் அதற்கென ஒரு திருகு இருக்கும். பந்தைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டால் பந்தை மட்டும் மாற்றலாம். தூக்கிப் பிடித்தும் நிற்காவிட்டால் உள்ளிருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டது, அல்லது ஊரில் தண்ணீர் நின்று திரும்ப வந்தபோது கலங்கலோடு வந்த மணல் அதில் சிக்கியிருக்கிறது. பின்னைப் பிடுங்கி, வால்வைக் கழற்றி, அரை அங்குல வாஷரை மாற்றலாம். அது உட்காரும் பித்தளையே பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் வால்வு முழுதும் புதிது வாங்குங்கள். தண்ணீர் தொட்டியின் பக்கவாட்டில் நுழைகிறதா, அடியிலா என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். இவ்வளவும் சேர்த்து மாற்றினாலும் புதுப் பீங்கான் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

இதுவரை சொன்னது பணத்தை மட்டும் தின்னும் ஒழுக்கு. வெளியே ஒழுகுவது அதைவிடப் பொல்லாதது. மாடியில் கக்கூஸ், கீழே அரிசி மூட்டையோ துணிக் கட்டோ இருக்கும் கடைகளில் ஒரே வாரத்தில் சரக்கு நாசமாகும். பலகைத் தளமானால் உளுத்தும் போகும். இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், ஈரம் எப்போது வருகிறது என்பது. எந்நேரமும் ஈரமென்றால் அது சுத்தத் தண்ணீர். உள்வரும் குழாயின் மூட்டிலோ, தொட்டியைப் பீங்கானோடு பிணைக்கும் இரு போல்ட்டுகளின் வாஷரிலோ கசிவு. அந்த வாஷர்களும் நடுவிலுள்ள தடித்த ரப்பர் வளையமும் மலிவானவை. போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வலுவைக் காட்டினால் பீங்கான் வெடித்துவிடும். இழுக்கும்போது மட்டும் ஈரம் வருமானால், முதலில் தொட்டிக்கும் பீங்கானுக்கும் நடுவிலுள்ள அந்த வளையத்தைத் தடவிப் பாருங்கள். அது உலர்ந்திருந்து, பீங்கானின் அடியிலிருந்து வாடையோடு ஈரம் எழுந்தால், வெளியேறும் குழாயின் மூட்டு விட்டுவிட்டது. அந்த நீர் நஜீஸ். அதன்மேல் வெள்ளைச் சிமெண்டைப் பூசிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அதனால் ஒழுக்கு நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தளத்துக்குள் இறங்குகிறது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் உரிமம் பெற்ற பைப்காரரையே கூப்பிடுங்கள். பீங்கானைத் தூக்கி மூட்டை மாற்றச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டொன்று. தொட்டிக்குள் போடும் நீல வில்லைகளில் குளோரின் சேர்ந்தவை ரப்பரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். சுத்தம் செய்யும் மருந்தைப் பீங்கானில் ஊற்றித் தேய்ப்பதே மேல். பக்கத்தில் தொங்கும் கழுவுகுழாயை உபயோகித்தபின் கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டுப் போகாமல் சுவர்க் குழாயையும் மூட வேண்டும். எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் ரப்பர் குழாய் ஒருநாள் ஆளில்லா வேளையில் வெடிக்கும். மேல்மாடியை வாடகைக்கு விட்டிருப்போர், மீட்டர் தம் பெயரில் இருந்தால், மாதம் ஒருமுறை தாமே போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. குடியிருப்பவர் பில்லைப் பார்ப்பதில்லை. ஸ்டாப் வால்வையும் அப்போது ஒருதரம் மூடித் திறந்து வையுங்கள். பல கடைகளில் அது துருவேறி நகராமல் இருக்கிறது. ரப்பர் வாங்கப் போகுமுன் அதைச் சரிசெய்யாவிட்டால், மீட்டரையே மூடிவிட்டுக் கடை முழுதும் தண்ணீரின்றி வேலை பார்க்க நேரும்.