வேலைக்குப் போகிற ஊரில் மனை வாங்கலாமா?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில், சங்கரன்கோவில் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவர், கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய வீட்டுக்காரர் கம்பி கட்டுகிற வேலை பார்க்கிறவர். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. வரும் ஜூன் மாதம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"மாசம் மூவாயிரத்து ஐநூறு வாடகை மேடம். வாடகையாக் குடுத்துக்கிட்டே இருந்தா என்ன மிஞ்சும்? அங்கன மூணு சென்ட் மனை குடுக்காகளாம். வேன் வச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டுதாக. குழுவுல எழுபத்தஞ்சாயிரம் கடன் தந்தா முடிச்சிருவோம்" என்றார்.

வீடு, மனை என்று கேட்டால் யாருக்கும் 'வேண்டாம்' என்று சொல்ல மனசு வராது. அவர் குழுவில் பாதிப் பேர் "குடுத்துருவோம், நல்ல காரியம்தானே" என்றார்கள். மீதிப் பேர் பேசாமல் இருந்தார்கள். எங்களுக்கும் அன்றைக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த விசாரணைதான் இந்த மாதப் பாடம்.

வேலை எத்தனை நாளைக்கு?

மின்சாரம் எடுக்கிற ஊர் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எதிலிருந்து மின்சாரம் வருகிறது என்று பார்த்தாலே, அந்த ஊரில் வேலை எத்தனை நாள் இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் வந்தது. கட்டி முடிக்க எட்டு மாதம்தான் ஆனது. அந்த எட்டு மாதமும் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை. முடிந்த பிறகு? தகடு துடைக்கக்கூட அங்கே எந்திரம்தான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலையும் இதே கதைதான். இறக்கை தூக்கி மாட்டுகிற வரைக்கும் கூட்டம். அப்புறம் ஒரு வாட்ச்மேன், மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகிற டெக்னீஷியன்.

கூடங்குளம் அப்படி இல்லை. ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டது 1988-இல், அப்போது அது சோவியத் யூனியன். கட்டுமானம் தொடங்கியது 2002-இல். முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31 அன்று, இரண்டாவது உலை 2017 மார்ச்சில். இரண்டு உலைக்கே பதினைந்து வருட வேலை நடந்திருக்கிறது. மூன்று, நான்காம் உலைகளுக்கு 2017-லும், ஐந்து, ஆறாம் உலைகளுக்கு 2021-லும் கான்கிரீட் போடத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். ஆகவே அங்கே வேலை இருக்கிறது என்று மனை விற்கிறவர் சொல்வது பொய் இல்லை.

ஆனால் ஊருக்குப் பதினைந்து வருடம் வேலை இருந்தால், நம் வீட்டுக்காரருக்கும் பதினைந்து வருடம் வேலை என்று அர்த்தம் இல்லை. அங்கே வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மண் தோண்டுவது, கம்பி கட்டுவது, கான்கிரீட். அது குறையக் குறைய பைப் ஃபிட்டர், வெல்டர் வருவார்கள். அப்புறம் எலெக்ட்ரிக் வேலை, இன்சுலேஷன், பெயின்ட். கம்பி கட்டுகிறவருக்கு முன்பக்கத்து வேலை, வெல்டருக்கு நடுவில், எலெக்ட்ரீஷியனுக்குக் கடைசியில். நம் உறுப்பினரின் வீட்டுக்காரர் கம்பி வேலை. அவருடைய பங்கு உலை ஓடத் தொடங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே முடிந்துவிடும். அடுத்த உலைக்கு அதே கான்ட்ராக்டர் வருவாரா, வந்தால் இவரைக் கூப்பிடுவாரா என்பதை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. இடிந்தகரைப் போராட்டத்தின்போது 2011 அக்டோபரில் இருந்து 2012 மார்ச் வரைக்கும் அங்கே வேலை பெரும்பாலும் நின்று கிடந்தது. போராட்டம் சரியா தப்பா என்பது இங்கே பேச்சு இல்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்த ஐந்தாறு மாதம் கூலி இல்லை என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மாவிடம் பேசினோம். பீடி சுற்றியும் சீட்டுப் போட்டும் சேர்த்த காசில், மாமனார் வழி வந்த சொந்த இடத்தில், நாலு அறை லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர். "நல்லாத்தான் வந்துச்சு. அந்த ஆறு மாசம் நாலு அறையும் பூட்டிக் கிடந்துச்சு. கடன் வாங்கிக் கட்டியிருந்தா அன்னைக்கே வித்துட்டுப் போயிருப்பேன்" என்றார். வாடகைக்கு வருகிறவர்கள் யார் என்று கேட்டோம். எல்லாரும் கான்ட்ராக்ட் ஆட்கள்தான். நிரந்தர ஊழியர்களுக்கு நிறுவனமே செட்டிகுளத்தில் அணுவிஜய் நகரியத்தில் வீடு கொடுத்திருக்கிறது. வந்துபோகிறவர்களை நம்பித்தான் ஊரின் வாடகையே ஓடுகிறது.

வாடகை வீண் என்றால் வட்டி?

இப்போது நோட்டை எடுத்துக் கணக்குப் போடுவோம். அந்த அக்கா சொன்ன விலை சென்ட் ஒன்றரை லட்சம். மூன்று சென்ட் நாலரை லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆகவே 8 சதவீதம் என்று வைத்தால் 36,000 ரூபாய். எழுத்துக் கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்த்துச் சுமார் 5 லட்சம் ஆகும்.

கையில் இருப்பது 2 லட்சம். மீதி 3 லட்சத்துக்கு அவர் போட்டிருந்த திட்டம் இது: நகை அடகு ஒன்றரை லட்சம், குழுக் கடன் 75,000, தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு 75,000. நகைக் கடனுக்கு வருடம் 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 1,250 ரூபாய். குழுவில் ஒரு ரூபாய் வட்டி, 750. வெளியே மூன்று வட்டி, 2,250. மொத்தம் மாதம் 4,250 ரூபாய் வட்டி மட்டும். அசலில் ஒரு பைசா குறையவில்லை.

இதில் எல்லாரும் மறந்துபோகிற விஷயம் ஒன்று உண்டு. மனை என்பது வெறும் மண். அதில் படுத்துத் தூங்க முடியாது. வீடு கட்டுகிற வரைக்கும் வாடகை 3,500-ம் நிற்காது. இரண்டும் சேர்த்து மாதம் 7,750. வாடகையை மிச்சப்படுத்தப் போய் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது! நாள் கூலி 800, மாதம் 24 நாள் வேலை என்றால் வருமானம் 19,200. அதில் 7,750 போனால், நாலு பேர் சாப்பாடு, பள்ளிக்கூடம், ஊரில் இருக்கிற மாமியாருக்கு மருந்து எல்லாம் மீதி 11,450-இல்தான் நடக்க வேண்டும்.

'விலை ஏறுமே' என்று கேட்பீர்கள். ஏறலாம். ஆனால் வேலை குறைகிற நேரத்தில் நம்மைப் போல வந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில்தான் விற்கப் பார்ப்பார்கள். அப்போது வாங்குகிற ஆள் யார்? பிறந்த ஊராக இருந்தால் அண்ணன் தம்பியாவது வாங்குவான்.

அந்த மண் யாருடையது?

இது கொஞ்சம் நீளமான பகுதி. ஆனால் பணம் அதிகமாகப் போகிற இடம் இதுதான்.

அணுமின் நிலையத்தைச் சுற்றி ஆள் குடியிருக்கவே கூடாத ஒரு வட்டம் உண்டு. அதற்கு வெளியே சுமார் 5 கிலோமீட்டர் வரைக்கும், மக்கள் தொகையைக் கூட்டுகிற புதிய வளர்ச்சியை அரசு கட்டுப்படுத்தலாம் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற ஊரைக் காலி செய்கிற விதி இல்லை இது, பயப்பட வேண்டாம். ஆனால் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு அந்த 5 கிலோமீட்டருக்குள் வருகிறதா, வந்தால் அதற்கு முறையான அனுமதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வேனில் கூட்டிப்போகிறவர் இதைச் சொல்ல மாட்டார். மதியச் சாப்பாடும் குலுக்கலில் தங்கக் காசும்தான் சொல்வார்.

பழுப்பு நிலக்கரி எடுக்கிற நெய்வேலியில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே சுரங்கம் ஓர் இடத்தில் நிற்காது. எடுத்து முடித்தால் பக்கத்து நிலத்துக்கு நகரும். 2023 ஜூலையில் வளையமாதேவி ஊரில், நின்ற நெற்பயிருக்கு நடுவில் எந்திரம் இறங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்த நிலம் பல வருடம் முன்பே கையகப்படுத்தியது என்று நிறுவனம் சொன்னது. விவசாயிகள் அதுவரைக்கும் அதில் பயிர் செய்துகொண்டுதான் இருந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். ஒருவர் உழுதுகொண்டிருக்கிறார் என்பதாலேயே நிலம் அவர் கையில் இருக்கிறது என்று நம்பக் கூடாது என்பது இதில் இருக்கிறது. அந்த மாதிரி ஊரில் வாங்குகிறவர்கள், இந்த சர்வே எண் நில எடுப்பு அறிவிக்கையில் இருக்கிறதா என்று தாசில்தார் அலுவலகத்திலும் நில எடுப்பு தனி தாசில்தாரிடமும் எழுதிக் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

நெய்வேலியில் நகரியத்து வீடுகள் நிறுவனத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். மின் நிலையமும் என்றைக்கும் ஓடிக்கொண்டிருக்காது. 1962-இல் ஓடத் தொடங்கிய அங்கத்து முதல் அனல்மின் நிலையத்தை 2020-இல் மூடிவிட்டார்கள். எண்ணூரில் 2017 மார்ச்சில் மூடினார்கள்.

எந்த ஊராக இருந்தாலும் பார்க்க வேண்டிய காகிதங்கள் பொது. முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். மூலப் பத்திரம் கேட்க வேண்டும், ஜெராக்ஸ் காட்டினால் ஒரிஜினல் எங்கே என்று கேளுங்கள், பல சமயம் அது பேங்கில் அடகில் இருக்கும். பட்டாவும் 'அ' பதிவேடும் இ-சேவை மையத்தில் எடுக்கலாம். விற்கிறவர் பெயரும் பட்டாவில் இருக்கிற பெயரும் ஒன்றா? நிலம் புறம்போக்கோ, கோயில் நிலமோ, பஞ்சமி நிலமோ என்பது வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொன்னால் மயங்க வேண்டாம். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிறது டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்புத் துறை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி இல்லாத மனைகளைப் பதியத் தடை போட்டபோது, முன்பணம் கொடுத்துவிட்டுப் பத்திரம் பதிய முடியாமல் நின்றவர்கள் நம் குழுக்களிலேயே இருந்தார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெராவில் பதிந்த எண்ணையும் கேளுங்கள்.

அப்படியானால் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. நிரந்தர வேலை கிடைத்தவர், கையில் முக்கால்வாசிப் பணம் வைத்திருப்பவர், அந்த ஊரிலேயே கடையோ தையலோ தனக்கென்று ஒரு பிழைப்பு வைத்திருக்கிற பெண், இவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் முதல் இரண்டு வருடம் வாடகையில் இருந்து பார்ப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். அதற்குள் கான்ட்ராக்டர் ஒழுங்காகச் சம்பளம் போடுகிறாரா, பி.எஃப். பிடித்ததைக் கட்டுகிறாரா, தண்ணீர் எப்படி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவருகிறதா எல்லாம் தெரிந்துவிடும். அப்போதும் வாங்க ஆசை இருந்தால், மின் நிலையம் இல்லாவிட்டாலும் பிழைக்கிற ஊரில் பாருங்கள். உதாரணத்துக்கு வள்ளியூர். ரயில் நிலையம் உண்டு, திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ் உண்டு. உலையை நம்பி அந்த ஊர் இல்லை.

இன்னொன்று, ஊர் மாறுகிற உறுப்பினர் குழுவை விட்டுப் போய்விட வேண்டியதில்லை. சந்தாவையும் தவணையையும் குழுக் கணக்கில் நேரடியாகக் கட்டலாம். ஆனால் நிலுவை நின்றால் மீதிப் பேர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் போகிறவர் வருத்தப்படுவாரே என்று பார்க்காமல், கூட்டத்திலேயே விவரமாகக் கேளுங்கள்.

அந்தக் குழுவில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினோம். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "மூணு வட்டிய எழுதிப் பார்க்கவே இல்ல மேடம், வாயிலயே கூட்டிக்கிட்டு இருந்தோம்" என்றார். முன்பணமாக 10,000 ஏற்கெனவே கொடுத்துவிட்டாராம். அதுவும் ரசீது இல்லாமல். கடன் விண்ணப்பத்தை அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்துத் தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் ஊக்குநரும் அவரும் சேர்ந்து போய் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போடுவது, முன்பணத்துக்கு எழுத்து வாங்குவது என்று முடிவாகியிருக்கிறது.